மழை வந்தால் சிக்னல் ஏன் போகிறது? நெல்லைச் சீமைக்காரர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி பிறந்துவிட்டால் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டத்திலும் இந்தப் பேச்சுதான். டிவி நின்றுவிட்டது, நெட் இழுக்கிறது, டவர் இல்லை. டிஷ் மாட்டுகிறவர்களும், இரண்டு இடங்களை ரேடியோ அலையால் இணைக்கும் வயர்லெஸ் லிங்க் போடுகிறவர்களும், வீட்டில் படம் பார்க்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பழி எல்லாம் மழை மேல் விழுகிறது; அதில் பாதி மழைக்கு உரியதே இல்லை. மீதிப் பாதியை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம்.

மழை வலுத்ததும் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. அதே நேரத்தில் செல்போனில் பேச முடிகிறதே, எப்படி?

இரண்டும் ரேடியோ அலைதான், ஆனால் அலைநீளம் வேறு. வீட்டு டிஷ்ஷுக்கு வருவது கேயூ பேண்ட், ஏறத்தாழ 11, 12 கிகாஹெர்ட்ஸ். அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர். போனுக்கு வருவது 900 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 33 சென்டிமீட்டர். மழைத்துளியின் அளவு அரை மில்லிமீட்டரிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் வரை. துளியைவிட அலை மிகப் பெரியதாக இருந்தால் துளியைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். அலை சுருங்கிச் சுருங்கித் துளியின் அளவை நெருங்க நெருங்கத்தான் அடி வாங்கும்.

துளி அப்படி என்னதான் செய்கிறது?

இரண்டு வேலை. அலையின் சக்தியில் ஒரு பங்கைத் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டு சூடாகிறது. அந்தச் சூடு நம் கைக்குத் தெரியாத அளவு சிறியது, ஆனால் போனது போனதுதான். இன்னொரு பங்கைத் துளி நாலாபக்கமும் சிதறடிக்கிறது. ஒரே துளி செய்வது ஒன்றுமில்லை. கொட்டுமழையில் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும் துளிகள் சேர்ந்து செய்வதுதான் கணக்கில் வருகிறது.

செயற்கைக்கோள் லிங்க்கில் மூன்றாவதாக ஒரு தொல்லையும் உண்டு. டிஷ் சாதாரணமாகக் குளிர்ந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதனால் இரைச்சல் குறைவு. நடுவில் மழை வந்ததும் அந்தத் தண்ணீர் தன் சூட்டுக்கு ஏற்ற ரேடியோ இரைச்சலை டிஷ்ஷுக்குள் அனுப்பத் தொடங்கும். சிக்னல் தேய்கிறது, இரைச்சல் ஏறுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில்.

டெசிபல், டெசிபல் என்கிறார்களே?

இழப்பைச் சொல்லும் அளவு. 3 டெசிபல் போனால் சிக்னல் பாதி. 10 போனால் பத்தில் ஒன்று மிச்சம், 20 என்றால் நூறில் ஒன்று, 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. இதைப் பிடித்துக்கொண்டால் போதும், கீழே வரும் எண்கள் புரிந்துவிடும்.

எவ்வளவு மழைக்கு எவ்வளவு போகும்?

உலகம் முழுக்கப் பொறியாளர்கள் எடுத்துக்கொள்வது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. மழையின் வேகத்தை மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று எடுத்து, ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் உள்ள இரண்டு மாறிலிகளைப் போட்டால், கிலோமீட்டருக்கு எத்தனை டெசிபல் என்று வந்துவிடும்.

மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் மழை அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் இது அபூர்வமே இல்லை. 7 கிகாஹெர்ட்ஸில் கிலோமீட்டருக்கு 0.6 டெசிபல் போகும், அதாவது பொருட்படுத்தவே வேண்டாம். 12-ல் சுமார் 2.4. 18-ல் சுமார் 5. 80-ல் சுமார் 19. ஒரே மழைதான்.

இதையே ஒரு லிங்க்கில் வைத்துப் பாருங்கள். 18 கிகாஹெர்ட்ஸில் ஐந்து கிலோமீட்டர் தூரம். வழி முழுக்க மழை என்றால் 25 டெசிபல் வரை போகும். லிங்க் போட்டவர் 30 டெசிபல் போனாலும் ஓடும் அளவுக்குக் கூடுதல் சிக்னலைக் கையிருப்பாக விட்டிருந்தால் தாங்கிவிடும். மழை 100 மில்லிமீட்டர் வேகத்துக்கு ஏறினால் இழப்பு 50 டெசிபலைத் தொடும். அப்போது எந்தக் கையிருப்பும் நிற்காது. இந்த அதிர்வெண்ணில் வேகம் இரட்டித்தால் டெசிபலும் ஏறத்தாழ இரட்டிக்கிறது. டெசிபல் இரட்டிப்பது என்றால் நூறில் ஒன்று பத்தாயிரத்தில் ஒன்றாவது.

குற்றாலத்தில் ஆனி, ஆடி முழுக்க நாளெல்லாம் நனைகிறது. டிவி பாட்டுக்கு ஓடுகிறது. பாளையங்கோட்டையில் அரைமணி நேர மழைக்கே நின்றுவிடுகிறது. இது என்ன நியாயம்?

இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இந்த ஒன்றைப் படித்துவிடுங்கள்.

லிங்க்குக்கு மொத்த மழை எவ்வளவு என்பது முக்கியமே இல்லை. அந்த நிமிடத்தில் என்ன வேகத்தில் விழுகிறது என்பதுதான் எல்லாம். தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி, செங்கோட்டைக் கணவாய் வழியாக நம் பக்கம் கொண்டுவருவது சாரல். பொடித் துளி. மணிக்கு ஐந்து மில்லிமீட்டர் என்று வைத்தால் 12 கிகாஹெர்ட்ஸில் கிலோமீட்டருக்கு 0.16 டெசிபல்தான். மழை இருக்கும் உயரம் வரை கூட்டினாலும் ஒரு டெசிபல் தேறாது. இரண்டு நாள் விடாமல் சாரல் அடித்தாலும் டிஷ்ஷுக்கு அது ஒரு பொருட்டில்லை.

சித்திரை, வைகாசியில் மதியம் வெயில் கொளுத்திவிட்டு, நாலு மணிக்கு மலை மேலிருந்து கருத்துக்கொண்டு வரும் கோடை மழை வேறு ரகம். இடிமேகத்தின் மழை. துளி பெரிது, வேகம் அதிகம், அகலம் சில கிலோமீட்டர்தான். வடகிழக்குப் பருவமழையிலும் இப்படிப்பட்ட மேகக் கூட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலிலிருந்து ஏறி வரும். நாளைக்கு மொத்தம் மூன்று சென்டிமீட்டர் என்று பேப்பரில் வரும். அந்த மூன்றும் இருபது நிமிடத்தில் கொட்டியிருந்தால் மணிக்கு 90 மில்லிமீட்டர் வேகம்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தலை சுற்றும் எண். 24 மணி நேரத்துக்கும் சமமாகப் பிரித்தால் மணிக்கு 40 மில்லிமீட்டர். ஒரு நல்ல கோடை மழையின் உச்சம் இந்தச் சராசரியை எளிதில் தாண்டிவிடும், ஆனால் கால் மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அன்றைக்குப் பயங்கரம் என்னவென்றால், அது ஓயவே இல்லை.

அதனால்தான், லிங்க் போடும்போது 'வருஷத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் பெய்யும்' என்று கேட்பவரிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. நம் மாவட்டத்தில் ஆண்டு மழைக்கும் லிங்க் அறுவதற்கும் நேர்த் தொடர்பு கிடையாது.

எங்கள் வீட்டில் ஒரு சொட்டுகூட விழவில்லை. அதற்குள் டிவி போய்விட்டது. பிறகுதான் மழை வந்தது. டிஷ்ஷில் கோளாறா?

இல்லை. டிஷ் எங்கே பார்க்கிறது என்று தட்டட்டியில் ஏறிப் பாருங்கள். டிடி ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. அது நிற்பது கிழக்கு 93.5 டிகிரியில். திருநெல்வேலியிலிருந்து பார்த்தால் கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே தள்ளி, தரையிலிருந்து ஏறத்தாழ 69 டிகிரி உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட தலைக்கு மேலே என்று சொல்லலாம். நம் பகுதியில் மழைத்துளி உருவாகி நிற்கும் உயரம் சுமார் ஐந்து கிலோமீட்டர். அதற்கு மேலே பெரும்பாலும் பனிக்கட்டி, அது அவ்வளவாகச் சிக்னலைத் தின்னாது. ஆக, அலை மழைக்குள் நடக்கும் தூரம் ஐந்தரைக் கிலோமீட்டருக்குள். அந்தப் பாதை மழையின் உச்சியைத் தொடும் இடம் உங்கள் வீட்டிலிருந்து கிழக்கே இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

வடகிழக்குப் பருவத்தில் மேகம் கிழக்கே இருந்து வருகிறது. முதலில் பாதையை மறிக்கும், அப்புறம்தான் உங்கள் வீட்டில் பெய்யும். கோடை மழை மேற்கே மலையிலிருந்து வரும்போது இதற்கு நேர் எதிர்: வீட்டில் மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த பிறகும் சில நிமிடம் படம் வராது. மேகம் கிழக்கே நகர்ந்து இன்னும் பாதையில் நின்றுகொண்டிருக்கும். பொறுங்கள், வந்துவிடும்.

பெரிய டிஷ் போட்டால் சரியாகுமா?

ஓரளவு. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷை 90 ஆக்கினால் பரப்பு இரண்டேகால் மடங்கு, லாபம் மூன்றரை டெசிபல். நடுத்தர மழைக்கு அது போதும், இடிமழைக்குப் போதாது. காசு செலவழிக்கும் முன் இருக்கிற டிஷ்ஷைச் சரியாகத் திருப்பி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். வெயில் நாளில் சிக்னல் தரம் பாதியில் நின்றால், மழை நாளில் கையிருப்பே இல்லை என்று அர்த்தம். ஆடிக் காற்றில் டிஷ்ஷின் கால் லேசாக நெளிந்து ஒரு டிகிரி விலகியிருக்கும். ஆவணி, புரட்டாசி முழுக்கப் படம் நன்றாகவே ஓடும். ஐப்பசி முதல் மழையில் தெரியவரும்.

மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. இன்னும் வரவில்லை.

அப்படியானால் காரணம் வானத்தில் இல்லை. மழையால் தேய்ந்த சிக்னல், மழை நகர்ந்த சில நிமிடத்தில் தானாகத் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் தண்ணீர் எங்கேயோ உள்ளே போயிருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது எல்என்பியில், அதாவது டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் கருவியில், கேபிள் முறுக்கும் இடம். அந்தக் கனெக்டரைக் கழற்றினால், நடுக்கம்பி செம்பு நிறம் மாறிப் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், வெள்ளைப் பின்னல் கறுத்து, விரலால் தொட்டால் பொடிப்பொடியாக உதிரும். மழைநீர் அந்தப் பின்னலைப் பிடித்துக்கொண்டு கேபிளுக்குள் இறங்கிவிடுகிறது. நனைந்த பகுதியை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போட்டு, ரப்பர் மூடி மாட்டி, கேபிளைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்கு வராது.

போனில் கோடு முழுசாக நிற்கிறது. ஆனால் மழை பெய்தால் நெட் இழுக்கிறது.

போனிலிருந்து டவருக்குப் போகும் சிக்னலில் குறையில்லை, கோடு அதைத்தான் காட்டுகிறது. அந்த டவரிலிருந்து அடுத்த இடத்துக்கு எப்படிப் போகிறது என்பதுதான் கேள்வி. டவரின் இடுப்பில் மத்தளம் மாதிரி வெள்ளையாக வட்ட டிஷ் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி இழைக் கேபிள் வராத டவர்கள் அதன் வழியாகத்தான் 15, 18 கிகாஹெர்ட்ஸ் போன்ற அதிர்வெண்களில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. மழையில் தேய்வது அந்த லிங்க்.

இப்போதைய ரேடியோக்கள் சிக்னல் குறையக் குறைய முழுசாக அறுந்துவிடாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அம்பாசமுத்திரம் பக்கம் போகும் ஒரு லிங்க்கின் திரையில் இதைப் பார்ப்பது ஒரு பாடம். வெளியே சேரன்மகாதேவி திசையில் வானம் கறுக்கிறது. சிக்னல் அளவைக் காட்டும் எண், மைனஸ் 41-ல் அசையாமல் நின்றது, மைனஸ் 43, மைனஸ் 47 என்று இறங்குகிறது. ரேடியோ மண்டிக்கிடக்கும் தகவலை இன்னும் முரட்டு முறையில், ஆனால் உறுதியாக அனுப்பத் தொடங்குகிறது. மைனஸ் 58 ஆகும்போது நானூறு மெகாபிட் ஓடிய வழியில் நூறுகூட ஓடாது. பேச்சும் குறுஞ்செய்தியும் போகும், வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். இது கோளாறு இல்லை, அந்த ரேடியோ அப்படித்தான் இருக்க வேண்டும்.

வீட்டு வைஃபை? மாடியில் குச்சி நட்டுக் கொடுக்கும் வயர்லெஸ் நெட்?

வைஃபைக்கும் மழைக்கும் சம்பந்தமில்லை. 5.8 கிகாஹெர்ட்ஸில் வரும் மாடி ஆண்டெனாவுக்கும் மழையால் இழப்பு மிகச் சிறியது, ஐந்து கிலோமீட்டருக்கு இரண்டு டெசிபல்கூட வராது. மழையில் அது நின்றால் வழியில் தென்னை வளர்ந்து ஈர ஓலை மறைக்கிறதா என்று பாருங்கள். நனைந்த ஓலை காய்ந்த ஓலையைவிட அதிகம் மறைக்கும். இல்லையென்றால் கேபிள், மின்சாரம்.

5ஜி மழையில் நிற்காது என்கிறார்கள், நிற்கும் என்கிறார்கள்.

2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ், 3.3 கிகாஹெர்ட்ஸ், 26 கிகாஹெர்ட்ஸ் எல்லாம் விற்பனையாயின. முதல் இரண்டுக்கு மழை பொருட்டில்லை, உங்கள் போன் பிடிப்பது பெரும்பாலும் அவைதான். 26-ஐ மழை நன்றாகவே அடிக்கும்; ஆனால் அதை இருநூறு, முந்நூறு மீட்டருக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது, அந்தத் தூரத்தில் சமாளித்துவிடலாம்.

லேசர் ஒளியால் கம்பியில்லாமல் லிங்க் போடலாமாமே? மாஞ்சோலைக்கு அப்படிப் போடலாமே?

போடலாம். ஒளியில் குரலை அனுப்பிக் காட்டியது கிரகாம் பெல், 1880-லேயே. இன்றைக்கு அகச்சிவப்பு லேசரில் வினாடிக்குப் பல கிகாபிட் போகிறது. காங்கோ ஆற்றின் இரு கரையில் உள்ள கின்ஷாசாவையும் பிராசவில்லையும் 2021-ல் இப்படி இணைத்தார்கள். அதிர்வெண் உரிமம் வேண்டாம், பள்ளம் தோண்ட வேண்டாம்.

ஆனால் மாஞ்சோலைக்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒளியின் அலைநீளம் 1.55 மைக்ரோமீட்டர். மழைத்துளி அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரிது. 50 மில்லிமீட்டர் மழையில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 டெசிபல் போகும், இது 80 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவை ஒத்த இழப்புதான். லேசருக்கு எமன் மழையில்லை, மூடுபனி. அதன் துளி சில மைக்ரோமீட்டர்தான், ஒளியின் அலைநீளத்துக்கு மிக நெருக்கம், எண்ணிக்கையோ எக்கச்சக்கம். ஐம்பது மீட்டர் தள்ளி நிற்பது தெரியாத பனியில் கிலோமீட்டருக்கு இருநூறு, முந்நூறு டெசிபல் போகும். மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து பக்கம் மேகமே தரைக்கு இறங்கி உட்கார்ந்துகொள்ளும். சாரலுக்கு அசையாத டிஷ் அங்கே ஓடும், லேசர் குருடாகிவிடும்.

மூடுபனி அதிகமுள்ள குளிர் நாடுகளில் லேசரோடு 80 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவைத் துணைக்கு வைப்பார்கள். பனியில் ரேடியோ கைகொடுக்கும். அந்த ஏற்பாட்டை அப்படியே இங்கே கொண்டுவந்தால் கொட்டுமழையில் இரண்டும் சேர்ந்து படுத்துவிடும். நமக்குத் துணை 5, 6, 7 கிகாஹெர்ட்ஸ் ரேடியோதான். வேகம் குறைவு, ஆனால் நிற்கும்.

கண்ணாடி இழைக் கேபிளுக்குள் போகும் ஒளியையும் மழை பாதிக்குமா?

பாதிக்காது. பள்ளம் அரித்து கேபிள் அறுந்தால் ஒழிய.

2023 வெள்ளத்தில் நாள்கணக்கில் போன் செத்துக் கிடந்ததே. அது இந்தத் தேய்மானமா?

இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் தீர்வும் தவறிப்போகிறது. மழையால் வரும் தேய்மானம் நிமிடக் கணக்கு. வெள்ளத்தில் டவர் சாவது மின்சாரம் போய், பேட்டரி தீர்ந்து, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக ரோடு இல்லாமல், பாலத்தோடு கேபிளும் போய். தாமிரபரணி கரை தாண்டிய அந்த நாட்களில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. அங்கே தேவைப்பட்டது வேகமான லிங்க் இல்லை, உயிரோடு இருக்கிற ஏதாவது ஒரு லிங்க். டவரின் பேட்டரி மேடையைப் பழைய வெள்ளக் கோட்டுக்கு மேலே உயர்த்துவது எந்த ரேடியோ நுட்பத்தையும்விடப் பெரிய வேலை.

புதிதாக லிங்க் போடப் போகிறோம். எதைக் கவனிக்க?

தூரத்தை வைத்து அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுங்கள். 80 கிகாஹெர்ட்ஸை ஒரு கிலோமீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் ஐந்து கிலோமீட்டர் போகும் என்பார். எந்த ஊர் மழைக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

செங்குத்து முனைவாக்கம், அதாவது அலை மேலும் கீழுமாக அசையும் முறை, கிடைத்தால் அதையே எடுங்கள். பெரிய துளி விழும்போது உருண்டையாக இருப்பதில்லை, இட்லியைப் போல அடி தட்டையாகிப் பக்கவாட்டில் அகன்றுவிடுகிறது. அதனால் கிடைமட்ட அலைக்கு அடி சற்று அதிகம். ஆண்டெனா முகத்தில் தண்ணீர்ப் படலம் நிற்பதே ஓரிரு டெசிபலைத் தின்னும், மூடியில் பாசியும் தூசியும் இருந்தால் தண்ணீர் வழியாமல் ஒட்டிக்கொள்ளும். மழைக்கு முன்னால் துடைத்துவிடுங்கள். கயத்தாறு, பணகுடி, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை நட்டிருக்கும் காற்று கம்பத்தையும் ஆட்டும் என்பதால் இழுகம்பி கட்டாமல் விடாதீர்கள்.

அப்புறம் அந்த 99.99 சதவீதம். ஒப்பந்தத்தில் அழகாக இருக்கும். வருஷத்துக்கு 53 நிமிடம்தான் நிற்கும் என்று அர்த்தம். அந்த 53 நிமிடமும் வருஷம் முழுக்கப் பரவிக் கிடக்காது. பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மழை உச்சத்தில் இருக்கும்போது வந்து விழும். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் தண்ணீர் திறக்கும் தகவல் ஆற்றங்கரை ஊர்களுக்குப் போக வேண்டிய நேரம் அதுதான். ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ், அணைக் கட்டுப்பாட்டு அறை ஆகியவற்றுக்குப் போடும் லிங்க்கைச் சராசரி சதவீதத்தை வைத்து ஒப்புக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். அவற்றுக்கு வேறு திசையில், வேறு அதிர்வெண்ணில் இரண்டாவது வழி ஒன்று கட்டாயம் வேண்டும். வேறு திசை என்பது முக்கியம்: இடிமேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான், ஒரு பாதையை மறிக்கும்போது பத்துக் கிலோமீட்டர் தள்ளியுள்ள பாதை பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

சிக்னல் தேய்வதை வைத்து மழையையே அளக்க முடியுமா?

முடியும். மழையிலிருந்து டெசிபலைக் கணக்கிடும் அதே சமன்பாட்டைத் திருப்பிப் போட்டால் டெசிபலிலிருந்து மழை வந்துவிடும். 2006-ல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் செல்போன் நிறுவனங்களின் டவர் லிங்க் பதிவுகளை வைத்தே இதைச் செய்து காட்டினார்கள். நெதர்லாந்தில் நாடு முழுக்க மழை வரைபடமே இப்படி வரைந்திருக்கிறார்கள். நனைந்த ஆண்டெனாவால் வரும் இழப்பைக் கழித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மழை கூடுதலாகத் தெரியும். மழைமானி ஓரிடத்தில் விழுவதைச் சொல்லும். லிங்க் ஐந்து, பத்துக் கிலோமீட்டர் நீளத்துக்கு விழுவதைச் சொல்லும், அதுவும் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை.

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், கடையத்திலிருந்து களக்காடு வரை, டவர்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டுதான் நிற்கின்றன. அந்த ரேடியோக்கள் ஒவ்வொன்றும் தன் சிக்னல் அளவைப் பதிந்துகொண்டே இருக்கிறது. நிறுவனங்கள் அந்தப் பதிவை மழைக்காலத்தில் மட்டுமாவது வானிலைத் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் உடனுக்குடன் கொடுத்தால், மலையில் கொட்டுவது ஆற்றில் இறங்குவதற்கு முன்னாலேயே கீழே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.